குழம்பு என்று பெயர் வைத்த மீன்

அக்கா,

என் பையன் அவன் வீட்டு ஹாலில் மீன்தொட்டி வைத்திருக்கிறான். நேற்று தண்ணீர் மாற்றினான். பாசி பிடித்த அந்தப் பச்சை வாசனை வந்ததும் என் கை தானாக எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது. "என்னம்மா, குமட்டுதா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். நாற்பதை நெருங்குகிறவனிடம், நீ இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது ஏற்காட்டில் இப்படி நடந்தது என்று எப்படிச் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல முடியும். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

எண்பதுகளில் உங்கள் ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் நாங்கள் குடியிருந்தோம். உங்கள் வீட்டுக்காரர் ஏரிக்கரையில் டூரிஸ்டுகளைப் படம் பிடித்துக்கொண்டு வருவார். ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கடையைப் பார்த்துக்கொள்வது நீங்கள். அழகுக்கென்று வைத்த தொட்டியில் தங்க மீன்கள் குளிர் தாங்காமல் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. அதே வாரம் ஏரியில் வலை போட்டவர் குழம்புக்கென்று கொடுத்த ஜிலேபி மீன்களில் ஒன்று மட்டும் பையில் துடித்துக்கொண்டே இருக்க, வெட்ட மனம் வராமல் அதைக் காலித் தொட்டியில் போட்டீர்கள். கறுத்துப்போன, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாத மீன். அதற்குக் குழம்பு என்றே பெயர் வைத்து, படம் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்தீர்கள்.

குழம்பு எதையும் தின்னவில்லை. பொரி போட்டால் திரும்பியும் பார்க்காது. எதையோ மெல்லுவதுபோல் வாயை மட்டும் ஓயாமல் அசைத்துக்கொண்டிருக்கும். மூடுபனி கதவு வழியாக உள்ளே வந்து தொட்டியைச் சுற்றி நிற்கும் மத்தியானங்களில் அந்த வாயைப் பார்க்க மாட்டாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அப்போது என் தலைக்குள்ளும் ஒன்று ஓயாமல் அசைந்துகொண்டுதான் இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது, கையை விட்டுவிடு என்று ஒரு நினைப்பு வரும். என் குரலிலேயே வரும். அவன் மேல் எனக்கு அத்தனை உயிர். அதனாலேயே பயந்துபோய், ஒத்தாசைக்கு வந்திருந்த மாமியாரிடம் சொன்னேன்: "இவனை என்கிட்டத் தனியாக் குடுக்காதீங்க அத்தை, எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க." மறுநாள் காலையே அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்தில் இருந்த தன் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர். நூறு பேரை அதட்டி வேலை வாங்கும் வாய், அம்மா முன்னால் மட்டும் திறக்கவில்லை.

நாலாம் நாள், பால் கட்டிய வலியோடு உங்கள் கடையில் உட்கார்ந்திருந்தேன். காப்பி பூத்த சமயம், ஊரெல்லாம் அந்த வாசனை. தொட்டியைப் பார்த்தால், இத்தனை நாளும் ஒண்டியாகக் கிடந்த மீனைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஒரு கூட்டம். சீரகம் அளவு உடம்பு, அதில் பாதி கண். எங்கிருந்து வந்தன என்று புரியாமல் உங்களைக் கூப்பிட்டேன். முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து குனிந்தீர்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்ததும் குழம்பு வாயைப் பிளந்தது. குஞ்சுகள் கும்பலாக உள்ளே போயின. வாய் மூடிக்கொண்டது.

பெத்ததையே தின்னுட்டாளே என்று சொன்னது நானா நீங்களா, நினைவில்லை. வெளியே தங்கிவிட்ட பத்துப் பன்னிரண்டையாவது காப்பாற்ற வேண்டும் என்று, தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் மொண்டு குழம்பைத் தூக்கி அதில் போட்டோம். தாயைப் பிரித்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று என் மாமியார் நினைத்தாரே, நாமும் அதையேதான் செய்தோம்.

மிச்சமிருந்தவற்றைப் பார்க்கக் கண்ணாடியோரம் முகத்தை வைத்தேன். அத்தனையும் திரும்பின. நேராக என் வாயை நோக்கி வந்து கண்ணாடியில் முட்டின. முகத்தை இந்தப் பக்கம் நகர்த்தினால் இந்தப் பக்கம் வந்தன, அந்தப் பக்கம் நகர்த்தினால் அங்கேயும் வந்தன. லேசாகத் திறந்திருந்த என் வாய்க்குள் தெரிந்த இருட்டுக்குள் போக அவை தவித்தன. என் ரவிக்கை நனைந்து சேலை வரைக்கும் பால் இறங்கியது. அதையும் நீங்கள் பார்த்தீர்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அப்போதுதான் பக்கெட்டில் குழம்பு வாயைத் திறந்தது. உள்ளே போனவையெல்லாம் ஒவ்வொன்றாக உயிரோடு வெளியே வந்தன.

"தின்னலை கண்ணு. உள்ள வெச்சுக்கிட்டிருந்திருக்கா."

அவ்வளவுதான் சொன்னீர்கள். தாயையும் குஞ்சுகளையும் தொட்டியில் ஒன்றாக விட்டுவிட்டு, கடையைப் போட்டது போட்டபடி விட்டு, குடையை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு பஸ் ஏறினீர்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் என் பிள்ளையோடு திரும்பி வந்தீர்கள்.

அங்கே என்ன பேசினீர்கள் என்று கடைசிவரை நீங்கள் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து மாமியார்தான் சொன்னார். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள் என்று எதிர்பார்த்தாராம். நீங்கள் செய்யவில்லையாம். "என்ன ஆகுமுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா அவளை ஒரு நிமிசம் தனியா உட மாட்டேனுங்க" என்றீர்களாம்.

மறுநாள் காலை, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தேன். குஞ்சுகள் பாதிகூட இல்லை. குழம்பு வாயைத் திறந்துதான் வைத்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. நீங்களும் பார்த்தீர்கள். இனி பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூட வாயெடுத்தேன். நீங்களோ, படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் அந்த இரும்பு ஸ்டூலைச் சிமெண்டுத் தரையில் கிறீச்சென்று இழுத்து வந்து, என் முழங்காலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தீர்கள். பால் குடு கண்ணு என்றீர்கள். மூன்று மாதம் அந்த ஸ்டூல் அங்கேயே கிடந்தது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்களெல்லாம் நின்றுகொண்டே எடுத்துக்கொண்டு போனார்கள். அவனைக் குளிப்பாட்டும்போது என் கைக்கு அடியில் உங்கள் கை இருந்தது.

அந்த நினைப்பு குறைந்துபோனது, அக்கா. போய்விடவில்லை. நேற்று தண்ணீர் மாற்றி முடித்தபின், மருமகள் மூன்று மாதப் பேத்தியை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஹாலில் தொட்டியும் நானும் குழந்தையும் மட்டும்தான். அதே என் குரலில் அது எட்டிப் பார்த்தது. உடனே பக்கத்தில், சிமெண்டுத் தரையில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அவன் வீட்டில் டைல்ஸ் தரை. ஸ்டூலும் கிடையாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்துக்கொண்டேன்.