நீ வேண்டாம் என்றாய்

அன்புத் தங்கச்சிக்கு,

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

"எனக்கு இந்த ஆன்லைன் எல்லாம் வேண்டாம்க்கா. எதுவானாலும் டாக்டர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கிறேன்" என்று அன்றைக்கே சொன்னாய். ஆஸ்பத்திரி கவுண்டருக்கு வருகிறவர்களை எல்லாம், ரிப்போர்ட்டைப் போனுக்கே அனுப்பும் அந்த ஆப்பில் சேர்த்துவிடுவதுதானே என் வேலை. "பயந்தாங்கொள்ளி" என்று சிரித்துக்கொண்டே உன் போனைப் பிடுங்கி நானே பதிந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே கட்டியின் ரிப்போர்ட் உன் போனுக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் நின்றபடியே அந்த வார்த்தையைப் படித்தாயாம், மாப்பிள்ளை சொன்னார். என்னை மூன்று தடவை கூப்பிட்டாய். நான் ஒரு பெரியவரிடம், "வீட்டிலிருந்தே எல்லாம் தெரிஞ்சுக்கலாம் ஐயா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் பெயரைப் பார்த்தேன். அப்புறம் பேசிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வசதியைக் குறை சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு அலைச்சல் மிச்சம். நீ வேண்டாம் என்றாய், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

புதன்கிழமை ஆபரேஷன் பற்றிப் பேச டாக்டர் உன்னை வரச் சொல்லியிருக்கிறார். நான் லீவு போட்டுவிட்டேன். கூப்பிட்டால் உள்ளே வருகிறேன். கூப்பிடாவிட்டாலும், நீ வெளியே வரும்வரை கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா