நாற்பது கிலோவை யார் தூக்குவது?

ஜூன் 11

இன்று வலையில் ஜிலேபி மீன் மூன்று கூடை. ரோகு ஒன்றுகூட இல்லை.

மாலை மீனவர் சங்கக் கூட்டம். படகுக்கு மோட்டார் வாங்க மானியம் வந்துவிட்டது! நாலு வருஷமாக மனு கொடுத்துக் கேட்டது. செய்தியைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த வடிவு அக்காவின் கையைத்தான் பிடித்தேன். கை முழுக்கத் துடுப்புப் போட்ட காய்ப்பு. மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு இந்த அணையில் வலை எடுப்பது நாங்கள் மூன்று பேர்தான். நான், வடிவு அக்கா, தலைவர் கோபால்சாமியின் மனைவி மங்கம்மா அக்கா.

சந்தோஷம் அஞ்சு நிமிஷம்கூட நிற்கவில்லை. தலைவர் எழுந்து, "பத்து எச்.பி. மோட்டார் எடுக்கறோம்" என்றார். ஏன் பத்து? "பக்கத்து சங்கத்துல எட்டு வெச்சிருக்கான். நாம அவனுக்குக் கொறைஞ்சி இருக்கலாமா?"

இதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

நான் எழுந்து கேட்டேன். "அது நாப்பது கிலோங்க தலைவரே. யாரு தூக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். "நதியா, மீனப் பத்தி கேளு, சொல்றேன். மோட்டாரப் பத்தி ஒனக்கு இன்னா தெரியும்?" என்றார் தலைவர்.

ஜூன் 12

படகில் மோட்டார் மாட்டுகிற பின்பலகையை அளந்து வைத்தேன்.

ஜூன் 14

யாரிடம் சொல்வது, இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மோட்டாரைப் படகிலேயே விட்டுவிட்டு வர முடியாது. திருடு போய்விடும். கரைமேல் இருக்கிற கொட்டகையில்தான் பூட்ட வேண்டும். காலை நாலரைக்கு அங்கிருந்து தண்ணீர் வரை தூக்கிக்கொண்டு இறங்கணும், திரும்பும்போது ஏறணும். இப்போதே அந்தச் சரிவு முந்நூறு அடி. கோடையில் தண்ணீர் உள்வாங்கினால் அதைப்போல இரண்டு மடங்கு. தினம் இரண்டு நடை. மூன்று பெண்கள். நாற்பது கிலோ.

இதைச் சொல்ல மோட்டார் படித்திருக்க வேண்டுமா?

இன்று நடு அணையில் இருக்கும்போது மலையிலிருந்து காற்று இறங்கிவிட்டது. துடுப்புப் போடப் போட படகு பின்னால்தான் போனது. மங்கம்மா அக்கா சாமி பேரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டார். கரை வந்து சேர இரண்டரை மணி நேரம். அதற்குள் செங்கத்துக்கு மீன் ஏற்றிப் போகிற வண்டி போய்விட்டது, பாதி மீன் கெட்டுப்போனது. மோட்டார் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எங்களைவிட யாருக்கு அது வேண்டும்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நெல்லிவாசலுக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறார். தன் ஜீப்புக்கு டயர் வாங்க நாலு கடை ஏறி இறங்கினவர். எனக்கு மட்டும், "வுடு நதியா, வர்றது வரட்டும்." அதெப்படி?

ஜூன் 18

திருப்பத்தூர் போனேன். பம்ப்செட் கடைதான், படகு மோட்டாரும் வரவழைத்துத் தருகிறார்கள். தலைவர் போன வாரமே ஆட்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். எங்கள் மூன்று பேரில் ஒருத்தியைக்கூடக் கூப்பிடவில்லை.

கடை முதலாளி என்னைப் பார்த்து, "வூட்டுக்காரர் வரலியாம்மா?" என்றார். வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் உள்ளே வந்ததும் முதலாளி இவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் இவரிடம் பதில் சொல்கிறார். இவரும் தலையாட்டுகிறார்! ஆறு வருஷமாகப் படகில் காலே வைக்காத மனுஷன்.

மெக்கானிக் அருண்ராஜ் என்ற பையன்தான் என்னிடம் கேட்டான். "அக்கா, ஒங்க போட்டுக்குப் பின்பலகை எவ்ளோ ஒயரம்?" நான் அளந்து வைத்திருந்தேன். பன்னிரண்டரை அங்குலம் என்றேன். "உள்பக்கமா அளந்தீங்களா, வெளிப்பக்கமா?"

உள்பக்கம்.

"வெளிப்பக்கம் அடி வரைக்கும் அளக்கணும்க்கா. மோட்டார் தண்டு நீளமா இருந்தா, தண்ணி கொறையறப்போ தரையில தட்டும். குட்டையா இருந்தா விசிறி தண்ணிய புடிக்காது."

நான் தப்பாக அளந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அளவு கேட்ட முதல் ஆள் இவன்தான். தலைவர் கூட்டமாகப் போனாரே, இதை யாராவது கேட்டார்களா என்று விசாரித்தேன். இல்லையாம். கலர் கேட்டார்களாம்.

நாலு எச்.பி. ஒன்று இருந்தது. இருபத்தாறு கிலோ. ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக் கடைக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தேன். முதலாளி பதறிப்போனார்.

ஜூன் 19

வெளிப்பக்கம் பதினைந்தரை. நாலு எச்.பி. சரியாகப் பொருந்தும். அருண்ராஜுக்குப் போன் செய்து உறுதி செய்துகொண்டேன். அந்த மோட்டார் எங்கள் படகுக்குத் தாராளம் என்றான்.

ஜூன் 21

இன்று என் மானம் போனது.

கூட்டத்துக்கு ஒரு சாக்கில் நாற்பது கிலோ மணல் கட்டி ஜீப்பில் ஏற்றி எடுத்துப் போனேன். "கொட்டகையிலிருந்து தண்ணி வரைக்கும் யாராவது இத தூக்கிட்டுப் போய்ட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ரஞ்சித் எழுந்தான். தலைவரின் தங்கை மகன், போலீஸ் வேலைக்காக ஓடிக்கொண்டும் தண்டால் எடுத்துக்கொண்டும் இருக்கிறவன். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி போய்விட்டு வந்தான். கைதட்டல். "இனிமே இவனே தூக்குவான், போதுமா?" என்றார் தலைவர்.

"நாளைக்குக் காலையில நாலரைக்கு வந்துடு ரஞ்சித்து" என்றேன்.

"வர்றேன்க்கா."

ஜூன் 22

ரஞ்சித் வந்தான். மணல் சாக்கைத் தூக்கினான்.

ஜூன் 23

ரஞ்சித் ஐந்தே காலுக்கு வந்தான். நாங்கள் அதற்குள் நடு அணையில்.

ஜூன் 24

வரவில்லை. காய்ச்சலாம். பத்து மணிக்கு டீக்கடையில் கேரம் ஆடுகிறான்.

ஜூன் 27

பத்து எச்.பி.யே வாங்கிவிட்டார்கள். தீர்மான நோட்டில் எங்கள் மூன்று பேர் கையெழுத்தும் இருக்கிறது. கூட்டத்துக்கு வந்ததற்குப் போட்ட கையெழுத்து அது! சம்மதம் என்று ஆக்கி, மோட்டார் படகில் தினம் மூன்று பேர் போகணும் என்றும் தலைவர் எழுதி வைத்துவிட்டார்.

மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். எங்கள் வேலைக்குத்தான் வாங்கினார்கள், ஆனால் போட்டோவில் எங்களை நிற்கச் சொல்லவில்லை.

ஜூலை 3

ஒரு வாரமாகத் தூக்குகிறோம். மூங்கிலில் கட்டி முன்னால் நான், பின்னால் வடிவு அக்கா, பக்கத்தில் பிடித்துக்கொண்டு மங்கம்மா அக்கா. பின்பலகையில் அதை மாட்டினால் படகின் பின்பக்கம் அமுங்குகிறது. மூன்றாவது ஆள் முன் முனையில் போய் உட்கார்ந்தால்தான் சமம். அப்புறம் வலையை யார் இழுப்பது?

ஜூலை 5

மங்கம்மா அக்காவின் கால்மேல் மோட்டார் விழுந்துவிட்டது.

ஏறும்போது ஈரப்பாறையில் எனக்குத்தான் வழுக்கியது. மூங்கில் சாய்ந்தது. என்னால்தான். இல்லை — என்னால் இல்லை. கட்டைவிரல் எலும்பு உடைந்திருக்கிறது. செங்கத்தில் மாவுக்கட்டு போட்டுக் கூட்டி வந்தோம்.

தலைவர் ஓடி வந்தார். கட்டிலில் கிடக்கிற மனைவியிடம் முதலில் கேட்டது — "பாத்துத் தூக்கத் தெரியாது? மோட்டாருக்கு இன்னா ஆச்சி?"

வாய்வரை வந்ததை நான் விழுங்கினேன். மங்கம்மா அக்கா விழுங்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "எனக்கு ஒன்ற மாசம் ஆவும்னு டாக்டர் சொல்லிக்கிறாரு. என் மொறைக்கு இனிமே நீங்க போங்க. நாலரைக்கு."

"நானா?"

"சங்கத்துல மூணு பேரு போவணும்னு நீங்கதான எழுதி வெச்சீங்க?"

ஜூலை 6

தலைவர் வந்தார்! காதைச் சுற்றி மஃப்ளர். மூங்கிலின் பின்பக்கம் அவருக்கு. பாதிச் சரிவில், "கொஞ்சம் எறக்கு" என்றார். அப்புறம் இன்னொரு தரம் இறக்கச் சொன்னார்.

ஜூலை 7

நாலு தரம் இறக்கினோம்.

ஜூலை 9

வடிவு அக்கா வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலைவர் தோளைத் தேய்த்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தச் சின்னது எத்தினி கிலோன்னு சொன்ன?"

"இருபத்தாறுங்க."

"ம்."

தப்பு என்று சொல்லவில்லை. நாலு நாள் அவர் தோள் வலித்ததும் சங்கத்துக்கே வலி தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் துடுப்புப் போட்ட எங்கள் தோள் என்ன மரமா? நியாயம் கிடைக்கப் போகிறது என்று சந்தோஷப்பட வேண்டும். எனக்குக் கோபம் இரண்டு மடங்காகத்தான் ஆகிறது.

ஜூலை 16

தலைவர் சின்ன மோட்டார் கேட்டுக் கடைக்குப் போனார். மாற்றித் தர மாட்டேன் என்றார் கடை முதலாளி. அருண்ராஜ்தான், மோட்டார் ஓடின நேரம் ரொம்பக் குறைவு, சர்வீஸ் செய்து விற்றுவிடலாம் என்று பேசிச் சம்மதிக்க வைத்தான். தலைவர் கூட்டத்தில் அறிவித்தார்: "நம்ம அணைக்குச் சின்னதுதான் சரின்னு நான் நேர்ல போய் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபுடிச்சேன்." கைதட்டினார்கள். ரஞ்சித்தும் தட்டினான்.

வடிவு அக்கா என் தொடையைக் கிள்ளினார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் தீர்மான நோட்டு வந்தபோது முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாரும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

ஜூலை 24

ஜீப்பில் மோட்டார் வந்தது. வீட்டுக்காரர் இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். அருண்ராஜ் கூட வந்திருந்தான். கயிறு இழுப்பது, பெட்ரோல் மூடி திறப்பது எல்லாம் சொல்லித் தந்தான், எனக்கும் வடிவு அக்காவுக்கும். மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

ஆகஸ்ட் 6

மோட்டார் இருப்பதால் ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். மகள் நிவேதா பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஏழாவது படிக்கிறாள். பள்ளி நாளில் அவள் கிளம்பும்போது நான் வீட்டில் இருந்ததே இல்லை. தானே ஒற்றைச் சடை பின்னிக்கொண்டு போகப் பழகிவிட்டாள்.

"குடு, நான் பின்னி வுடறேன்" என்று சீப்பை வாங்கினேன். மீன் வாசனை என்று முகம் சுளித்தாள். போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இரட்டைச் சடை.