எல்லா பில்லிலும் இருபத்தைந்து

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. வைப்பர் ரப்பர் கிழிந்துவிட்டது. பால், பிரஷர் மாத்திரை, பிளசன்டன் நூலகம். மூன்றும் நடக்கவில்லை.

மாலதி போன். ஈரோட்டுப் பெண். சான் ரமோனில் ஒரு தோல் டாக்டரிடம் ஆறு வருடமாக பில்லிங் வேலை. என் மனைவியோடு யோகா வகுப்புக்கு வருபவள். என்னிடம் இதுவரை பேசியதில்லை.

"அங்கிள், நீங்க ரிப்போர்ட்டருங்களே, ஒரு லெட்டர் படிச்சுச் சொல்றீங்களா? நியூஸெல்லாம் வேண்டாமுங்க."

கடிதம் டாக்டர் தந்தது. மெடிகேருக்கு, அதாவது முதியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீட்டுக்கு, போன பில்களில் '25' என்ற குறியை மருத்துவருக்குத் தெரியாமல் தானே சேர்த்ததாக மாலதி ஒப்புக்கொள்கிறாள். அடுத்த செவ்வாய்க்குள் கையெழுத்து வேண்டும். தணிக்கை வந்திருக்கிறது. மொத்தம் மூன்று வாக்கியம், ஒரு பிழை இல்லை. யாரோ வக்கீல் எழுதியது. டாக்டருக்கு இவ்வளவு சுருக்கமாக வராது; மேடைகளில் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

மழை விட்டது. லிவர்மோர் பக்கத்து மலையெல்லாம் பச்சை.

மாலதியின் மதிய இடைவேளை. அவள் காரிலேயே பேச்சு. எலுமிச்சை சாதத்தில் பாதி எனக்கு. குறித்துக்கொண்டவை:

25 என்றால் என்ன: ஒரே நாளில் சிறு சிகிச்சை ஒன்றும், அதற்கு அப்பால் தனியாகச் சொல்லத்தக்க பரிசோதனை ஒன்றும் நடந்தால், இரண்டுக்கும் காசு கேட்க அந்தக் குறி. நடந்திருந்தால் நியாயம்.

இங்கே நடப்பது: பெரியவர் வருவார், குளிர்மருந்து அடித்து மருவை எடுப்பார்கள், நாலு நிமிடத்தில் வெளியே. எல்லா பில்லிலும் 25. டாக்டரின் குறிப்பில் எல்லோருக்கும் அதே பத்தி, ஒரு பொத்தானைத் தட்டினால் விழுவது.

"ஒருத்தருக்குச் சர்க்கரையில இடது காலையே எடுத்தாச்சுங்க. அவரு நோட்லயும் 'இரண்டு பாதங்களும் விரலிடுக்கு உட்படப் பார்க்கப்பட்டன'ன்னு இருக்குதுங்க."

"யாரு?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டேனுங்க. சட்டம்."

அந்த கிளினிக்கில் சட்டம் தெரிந்த ஒரே ஆள்.

குறியைச் சேர்த்தது யார்? கம்ப்யூட்டர் பதிவில் எல்லாவற்றுக்கும் எதிரே மாலதியின் பெயர். குறிப்பை நம்பி அவள் போட்டவை சில. மற்றதெல்லாம் ஆபீஸ் மேனேஜர், அதாவது டாக்டரின் மனைவி, மாலதியின் லாகினில் உட்கார்ந்து போட்டவை.

"பாஸ்வேர்டை ஏன் குடுத்தே?"

"ஆன்ட்டி கேட்டாங்க. ஆன்ட்டிகிட்ட எப்படிங்க முடியாதுங்கறது? தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தர்றவங்க."

வேறு எந்த ஆபீஸிலும் மேனேஜரை மேனேஜர் என்பார்கள். இங்கே ஆன்ட்டி. அப்புறம் எதைத்தான் மறுக்க முடியும்?

பிப்ரவரி 7, சனி

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா. டாக்டர் தலைமை. பட்டு ஜிப்பா. நேர்மை பற்றிப் பதினோரு நிமிடம், கடிகாரம் பார்த்தேன். முன்வரிசைச் சிறுமி தன் அம்மாவிடம், "இஸ் ஹி டன்?"

காபி மேஜையில் மாலதியின் கடிதம் பற்றி நேராகவே கேட்டேன். சிரித்தார்.

"அது கிளெரிக்கல் மேட்டர் சார். நல்ல பொண்ணுதான், கொஞ்சம் ஆர்வக்கோளாறு. நான் பேஷன்ட்டைப் பார்ப்பேனா, பில்லிங் கோடைப் பார்ப்பேனா?"

"நோட் நீங்கதானே எழுதறீங்க?"

"டெம்ப்ளேட் சார். எல்லாரும் அதான் பண்றாங்க."

பக்கத்தில் அவர் மனைவி: "எங்க பொண்ணு மாதிரி வெச்சுக்கிட்டோம் சார் அவளை."

இவர்கள் பெண் சட்டம் படிக்கிறாள். அவளிடம் இப்படி ஒரு காகிதத்தை நீட்டுவீர்களா என்று கேட்டேன்.

"வடை ஆறிடும், எடுத்துக்கங்க சார்."

எடுத்துக்கொண்டேன். ஒரே எண்ணெய்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மாலதி வீடு. கணவர் செந்தில், சாஃப்ட்வேர். கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, அதனால் பயம். அந்தப் பயத்துக்கு விவேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

"சைன் பண்ணிட்டுக் கமுக்கமா இருந்துக்கலாம் சார். ஃபைன் வந்தா டாக்டரே கட்டிக்கறேன்னிருக்காரு."

"எழுதிக் குடுத்தாரா?"

"அவ்ளோ பெரிய மனுஷர்கிட்ட எழுதிக் கேக்க முடியுங்களா?"

மாலதியிடம் மட்டும் எழுதிக் கேட்கலாம் போல.

நான் வக்கீல் இல்லை என்று சொல்லிவிட்டுச் சொன்னேன்: அந்தக் கையெழுத்து அரசை ஏமாற்றியதற்கான வாக்குமூலம். கிரீன் கார்டு அதிகாரி வேறு எதையும் படிக்க மாட்டார். ஃப்ரீமான்ட் வக்கீல் ஒருவரின் நம்பரை நீட்டினேன். செந்தில் வாங்கவில்லை. மாலதி வாங்கினாள்.

பிறகு மெதுவாக: "அப்பா தவறினப்போ பத்தொம்பது நாள் ஈரோட்டுல இருந்தனுங்க. அந்த நாள்லயும் என் பேர்ல இருவத்தஞ்சு போட்டிருக்குதுங்க. வெள்ளிக்கிழமைதான் பார்த்தேன்."

செந்தில் டிவியை அணைத்தார். இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

வெயில். வைப்பர் மாற்றியாயிற்று, இனி மழை வராது.

நாலு மணிக்கு மாலதி போன். கையெழுத்துப் போடவில்லை.

ஆன்ட்டி காகிதத்தை நகர்த்தியிருக்கிறார். இவள் பாஸ்போர்ட்டில் ஈரோடு போய்வந்த நாட்களின் முத்திரை இருந்த பக்கத்தைத் திறந்து அதன்மேல் வைத்திருக்கிறாள்.

"நீ அங்கேர்ந்தே லாகின் பண்ணியிருப்பே."

"எளவு வீட்டுல உக்காந்துட்டுங்களா ஆன்ட்டி?"

டாக்டர் உள்ளே மரு எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. ஐந்து நிமிடத்தில் வேலை போயிற்று. பார்க்கிங்கில் காரை எடுப்பதற்குள் ஆன்ட்டியே கூப்பிட்டாராம். கோபமெல்லாம் இல்லை: "சிஸ்டம் திறக்க மாட்டேங்குது, பேஷன்ட்ஸ் வெயிட் பண்றாங்க. பாஸ்வேர்ட் மாத்தினியாம்மா?"

"உங்க பேர்லயே ஒண்ணு ஆரம்பிச்சுக்கங்க ஆன்ட்டி."

இதைச் சொல்லிவிட்டு என்னிடம் அழுதாள். சிரிப்பதற்குத் தயாராக இருந்த நான், அந்த வக்கீலுக்கு உடனே போன் பண்ணச் சொன்னேன்.

பிப்ரவரி 11, புதன்

ஃப்ரீமான்ட் வக்கீல் நாளை பார்க்கிறார். நடந்ததை முதலில் உங்கள் வார்த்தையில் எழுதிக் கொண்டுவாருங்கள் என்றாராம். எங்கள் வீட்டுச் சமையலறை மேஜை. மாலதி சொல்ல நான் தட்டச்சு. லாகின், ஈரோட்டு நாட்கள், இல்லாத இடது பாதம். ஒரு பக்கத்தில் முடிந்தது.

"பாஸ்வேர்ட் நான்தான் குடுத்தேன்னு போடுங்க அங்கிள். நோட்டு பொய்யின்னு தெரிஞ்சும் கண்டுக்காம நானே போட்டதும் கொஞ்சம் இருக்குதுங்க. அதையும்."

வக்கீல் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், நீயாக ஏன் என்றேன். செந்திலும் அதையே சொன்னார். அவரும் நானும் ஒரே கட்சியாகிவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"அது எம்பட வேலைங்களே. அதுக்கு மட்டும் கையெழுத்துப் போடறேன்."

இரண்டு வரி சேர்த்தேன். பிரின்டரிலிருந்து தாள் முழுதாக வெளியே வருமுன் மாலதி பேனா கேட்டாள்.