கை தூக்காத அக்காவுக்கு

அக்கா, இன்று காலை புளிச்சோறு கட்டும்போது உங்கள் டிபன் பாக்ஸ் வாசம் அப்படியே வந்தது. கடத்தூர் ரோட்டில் கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். இன்று வேன் வருமா என்பதே சந்தேகம்.

அரூர்ப் பக்கத்து கார்மென்ட்ஸ் கம்பெனியில் என்னை முதன்முதலில் சேர்த்துவிட்டது நீங்கள்தான். நம் ஊரில் வேன் ஏறிய அத்தனை பெண்களையும் சேர்த்துவிட்டது நீங்கள்தான். தினமும் எனக்கும் சேர்த்தே சோறு கட்டி வருவீர்கள். "சாப்புடு கண்ணு, வெறும் வயித்துல வேலை செஞ்சா தல சுத்தும்" என்பீர்கள்.

அங்கே செக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்றே துணி பார்த்த மாசமான பெண்ணுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கேட்டேனே, அந்த நாளை நான் மறக்கவில்லை. மேனேஜர் மெஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் கேட்டார்: "வேற யாருக்காச்சும் இங்க கஷ்டமா இருக்குதா? கையத் தூக்குங்க." நான் உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தீர்கள், ஏற்கெனவே கோத்திருந்த ஊசியில். மறுநாளிலிருந்து எனக்கு வேலை இல்லை.

அதன்பிறகு சந்தையில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவு கோபம். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டால் எனக்கென்ன? என் பசி தெரிந்த நீங்களுமா?

போன மாதம் உங்கள் சாவு வீட்டில்தான் உங்கள் மகள் சொன்னாள். அன்று மேனேஜர் முன்கூட்டியே உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் கை தூக்கினால் நம் ஊருக்கே வேன் வராது என்று சொல்லியிருந்தாராம். "என்னால நாலு வூட்டுப் பொழப்பு கெட்டுறக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி அம்மா அழுவும்க்கா" என்றாள். உங்கள் நல்ல மனசை வைத்தே உங்கள் வாயைக் கட்டியிருக்கிறார் அந்த மனிதர்.

நேற்று என் இப்போதைய கம்பெனியில், "பாத்ரூம் போறதுக்குக்கூட கெஞ்சணுமாங்க?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டுவிட்டாள். மறுபடியும் மெஷின்கள் நின்றன. மறுபடியும் அதே "கையத் தூக்குங்க". எனக்கும் முதலில் வேன் ஞாபகம்தான் வந்தது. நானும் ஊர்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துவிட்டிருக்கிறேன். குனிந்துகொள்ளலாம் என்று நினைப்பதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். கை தூக்கிவிட்டேன்.

அன்று நீங்கள் ஏன் நிமிரவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது, அக்கா. என்னைப் பார்த்திருந்தால் உங்கள் கையும் எழுந்திருக்கும்.

வேன் வராவிட்டால் பஸ் பிடித்துப் போவேன். புளிச்சோறு அந்தச் சின்னப் பெண்ணுக்கும் சேர்த்தே கட்டியிருக்கிறேன்.