சுவரைத் தடவிப் போனவள்

இன்று காலை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயவீட்டுச் சமையலறைச் சுவரின் வெடிப்புக்குள் என் விரல் போனது. நேற்றுவரை நகம்கூட நுழையாது. உள்ளிருந்து ஈரக் கல் வாடை வந்தது. நம் ரயில் சுரங்கத்தின் வாடை. உன்னை நினைத்துக்கொண்டேன், தோழி.

கொட்டகலைக்குப் படிக்கப் போன காலத்தில் பஸ் தவறினால் தண்டவாளத்தோடு நடப்போமே. சுரங்கத்துக்குள் உன் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். கடைசியில் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்து ஓடத் துடிப்பேன். நீ விடமாட்டாய். "வெளிச்சத்த பாக்காத புள்ள, செவுத்த தடவு" என்பாய். ஆள் ஒதுங்கி நிற்கச் சுவரில் குடைந்திருந்த பொந்துகளை ஒவ்வொன்றாய்த் தடவிக்கொண்டே போவாய்.

ஒருநாள் அழுதுகொண்டே கெஞ்சினேன். "ரயில் வராதுன்னு சொல்லேன்டி."

"வரும். வந்தா எங்க நிக்கிறதுன்னு பாத்து வச்சிருக்கேன். வா."

அன்றைக்கென்று ரயிலும் வந்தது. ஒரே பொந்தில் ஒட்டிக்கொண்டு நின்றோம். உன் நெஞ்சு படபடவென்று அடித்தது என் முதுகில் தெரிந்தது. உனக்கும் பயம் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதினாறு வயதில் அந்தத் தெம்பை எங்கே பிடித்தாயோ.

போன வருட மழையில் உங்கள் லயத்தின் மேல் மலை சரிந்தது. எல்லாம் பார்த்து வைக்கிறவளையே மண் மூடிவிட்டது என்று கேட்டபோது, அழுகைக்கு முன்னால் உன்மேல் கோபம்தான் வந்தது.

இப்போது என் மகளுக்குப் பதினாறு. இரண்டு வாரத்தில் சாதாரண தரப் பரீட்சை. கிராம சேவகர் வந்து, மலை சரியலாம் என்று எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். அவளோ கட்டிலை விட்டு எழவில்லை. புத்தகத்தைத் தொடவுமில்லை.

"என்னத்துக்கும்மா? மலையே வரப் போகுது. படிச்சி என்ன, ஓடி என்ன?"

வெடிப்பைவிட அந்தக் குரல்தான் என்னைக் கதிகலங்க வைத்தது. ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் வரவில்லை.

உன் கருமாதியன்று உன் மகன் சொன்னதை அவளிடம் சொன்னேன். மழை பிடித்ததுமே அவனுக்குக் கோவில் மேட்டைக் காட்டி, "சத்தம் கேட்டா தங்கச்சிய இழுத்துக்கிட்டு இங்க வந்து நில்லு, எனக்காகக் காத்திருக்காத" என்று சொல்லி வைத்தாயாமே. பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள். உயிரோடு இருக்கிறார்கள்.

மகள் கட்டிலை விட்டு எழுந்தாள். வாசலில் நின்று வெளியே பார்த்தாள்.

"ஓடைப் பக்கம் வேணாம்மா. அங்கதான் மண்ணு கரைஞ்சி வருது. கொழுந்து லொறி போற ரோட்டால போவோம்."

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. புத்தகங்களை அவளே ஓர் உரப் பையில் போட்டுக் கட்டினாள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மண்டபத்தின் ஒரு மூலையில் இருந்து இதை எழுதுகிறேன். மழை விடவில்லை, பயமும் விடவில்லை. பக்கத்தில் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வழி நெடுகப் பிடித்துவந்த அவள் சட்டையை நான் இன்னும் விடவில்லை.