யாரை இறக்கிவிடலாம்?

என் செல்லக் கழுதை செல்விக்கு,

இப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். இப்போது எப்படிக் கூப்பிட்டாலும் அதே கதிதான். நீ போய் ஒரு வருஷம் முடிந்து மூன்று மாதமாகிறது.

உன் ஆஸ்பத்திரி அலைச்சலில் தள்ளிக்கொண்டே போன யாழினியின் காதுகுத்தைப் போன வெள்ளிக்கிழமை முடித்துவிட்டோம். உன் மாமியார் வீட்டுக் குலதெய்வம் தாராபுரத்துக்கும் அந்தப் பக்கம். தல்லாகுளத்தில் நம் வீட்டிலிருந்து நாலு மணி நேரம். உன் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து நேராக வந்துவிட்டார். உன் மதினி சீர்த்தட்டுகளோடு வேனில் முன்னால் போய்விட்டாள். என் காரில் என் பையன்கள் இருவரும் உன் மகளும். நீ போனதிலிருந்து அவள் எங்களோடுதானே இருக்கிறாள். எனக்கு ஆசை ஒன்றுதான். என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ளும்போதாவது, மாமா வீடும் தன் வீடுதான் என்று அவளுக்குத் தோன்ற வேண்டும்.

ஊரைத் தாண்டுவதற்குள் பையன்கள் செல்போனுக்கு அடித்துக்கொண்டார்கள். பிடுங்கி வைத்தேன். சமயநல்லூரில் என் சீட்டை உதைக்க ஆரம்பித்தார்கள். இவர்களை எப்படி அடக்குவது என்று யோசித்தபோது அப்பாவின் ஆட்டம் ஞாபகம் வந்தது. வேறு எதுவும் வந்திருக்கக் கூடாதா?

கோயம்புத்தூர் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதே ரோட்டில் அப்பா கேட்பாரே, யாரை இறக்கிவிடலாம் என்று. நானும் தம்பியும் உன்னைக் கை காட்டுவோம். மூன்று பேரில் இரண்டு பேர் சொன்னால் தீர்ப்பு. உன்னை ரோட்டோரம் இறக்கிவிட்டு அப்பா வண்டியைக் கொஞ்ச தூரம் விடுவார். நீ அழுதுகொண்டே ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அதற்குப் பிறகு திண்டுக்கல் வரைக்கும் வண்டியில் சத்தம் இருக்காது.

இதை வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னேன். முடிப்பதற்குள் நாமும் ஆடலாம் என்று குதித்தார்கள். இரண்டு கையும் யாழினியைக் காட்டின. அவள் யாரையும் காட்டவில்லை. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சண்டை ஓய்ந்திருந்தது, எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. உன் பிள்ளையை என்னிடம் ஒப்படைத்தது குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதைதான்.

வாடிப்பட்டி தாண்டி சர்வீஸ் ரோட்டில் நிறுத்தினேன். பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தானே கதவைத் திறந்து இறங்கினாள். நான் வண்டியை எடுத்தேன், செல்வி. நூறு அடி போனேன். லாரிப் புழுதிக்குக் கண்ணைச் சுருக்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓடிவரவில்லை. பையன்களுக்கே சிரிப்பு வரவில்லை.

ரிவர்ஸ் எடுத்து வந்து, பயந்துவிட்டாயா தாயி என்று கேட்டேன்.

"இல்ல மாமா. அழாம நின்னா வெரசா திரும்பி வந்துருவாகன்னு அம்மா சொல்லிருக்கு."

இதை எப்போது சொல்லிக்கொடுத்தாய்? அவள் என் வீட்டில்தான் வளரப்போகிறாள் என்று தெரிந்த பிறகா?

கோயிலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நான் மணையில் உட்கார்ந்து மடியைத் தட்டினேன். சொந்தபந்தம் முழுக்கச் சுற்றி நின்றது. யாழினி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன், மரியாதையாகப் பார்த்தாள்.

"நான் நின்னுக்கிறேன் மாமா."

உன் வீட்டுக்காரர் கெஞ்சினார். தாய்மாமன் மடியில்லாமல் என்ன காதுகுத்து என்று உன் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அவள் நின்றபடியே இரண்டு காதையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள். நான் காலி மடியோடு மணையில் உட்கார்ந்திருந்தேன், எப்படி எழுந்திருப்பது என்று தெரியாமல்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அவளை இழுத்துவைத்துக் கொஞ்சி, சாக்லேட் வாங்கிக் கொடுத்து இதைச் சரிக்கட்டவும் மாட்டேன். ஆனால் ஒன்று சத்தியம். உன் மகள் என் வீட்டில் ஒரு நாள் பயமில்லாமல் வாய்விட்டு அழுவாள். எத்தனை வருஷம் ஆனாலும் அதற்காகக் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் மகளுக்கு இன்னும் மாமனாகத் தேறாத
உன் பெரியண்ணன்