இத்தாத் திரைக்குப் பின்னால் ஒரு குரல்

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி போய்விட்டது.

பல்கலைக்கழக வளாகத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு: இலங்கையில் உளவியல் துறையின் வளர்ச்சி. எதைச் சொல்ல? நான் படித்தது ஆங்கிலத்தில், பயிற்சி சிங்களத்தில், வேலை தமிழில். இந்தக் கிழக்குக் கரைக்குக் கவுன்சிலிங் வந்ததே சுனாமிக்குப் பிறகு. சில நாள் பயிற்சி, கையில் சான்றிதழ், பிறகு தொண்டு நிறுவன ஜீப்பெல்லாம் போய்விட்டது. மிஞ்சியது ஆஸ்பத்திரி மூலையில் ஓர் அறை. சனம் இன்னும் 'விசர் கிளினிக்', பைத்தியத்துக்கான இடம், என்றுதான் சொல்கிறது. பின்வாசலால்தான் வருகிறது.

நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. ஜெஸீமா, சாய்ந்தமருதுப் பெண். கணவன் கடலில் மூழ்கி மவுத்து. இத்தா இருக்கிறாள், விதவை வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள்; அது முடியும்வரை அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. நான் வீட்டுக்குப் போய்த் திரைக்கு இந்தப் பக்கம் கதிரை போட்டுக் கேட்கிறேன். அவள் அந்தப் பக்கமிருந்து பதில் சொல்கிறாள். ஊர் வழக்கமும் மீறவில்லை, சிகிச்சையும் நடக்கிறது. கொழும்பில் யாருக்கும் இது தோன்றியிராது. கொஞ்சம் பெருமைதான்.

நவம்பர் 6, வியாழன்

மழை விடவில்லை. மாவடிப்பள்ளிப் பக்கம் வயலெல்லாம் வெள்ளம்.

ஜெஸீமா வீடு.

"நித்திரை வருதா?"

"ஓம் சேர், நல்லா வருது."

"சாப்பாடு?"

"சாப்பிடுறன் சேர்."

தெளிவான குரல். முன்னேற்றம் என்று டாக்டருக்கு எழுதினேன். அதைப் பார்த்து அவரும் கிழமைக்குக் கிழமை கொடுக்கும் குளிசையை ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டார். பின்னேரம் அவளுடைய உம்மா வந்து வாங்கிப் போனார்.

ஒன்று உறுத்துகிறது. அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே திரைக்குள் யாரோ இருமினார்கள். "உம்மா, சேர்" என்றாள். உம்மா என் முன்னால் தேத்தண்ணியோடு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் 8, சனி

லீவு. வாங்க: சவர்க்காரம், பெட்டரி, குடை. உரைக்கு ஒரு வரியும் வரவில்லை.

அந்த இருமல். உம்மா வெளியில் நின்றார் என்றால் உள்ளே இருமியது யார்? பயமாக இருக்கிறது. அந்தக் குரல் ஒரு தடவைகூட அழவில்லை. அதையும் முன்னேற்றம் என்றுதான் எழுதினேன், மடையன்.

காரைதீவு நர்ஸ் புவனா மிஸ்ஸுக்குப் போன். "நாளைக்கு என்னோட வாறீங்களா? நீங்க பொம்புள, உள்ள போகலாம்தானே."

"இத முதல்லயே கேட்டிருக்கலாமே சேர்."

நவம்பர் 9, ஞாயிறு

ஜெஸீமா வீட்டு விறாந்தை. அம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. அது வரும்வரை எழுதுகிறேன்.

புவனா மிஸ் உள்ளே போன வேகத்தில் வந்தார். "சேர், இவ்வளவு நாளும் உங்களோட கதைச்சது அவட ராத்தா, மூத்த அக்கா. அந்தப் புள்ள சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கு. எலும்பும் தோலும்."

திரைக்குள் ராத்தா அழுதாள். "கடல்ல இருந்து புருசன்ட மையத்து வந்த நாள்ல இருந்து அவ வாய் துறக்கல்ல சேர். எங்கட குடும்பத்துல விசர் எண்டு நீங்க எழுதினா என்ட குமர் மகள ஆரு கலியாணம் முடிப்பா?"

"குளிசை?"

"அவட கையிலதான் குடுத்த. போடுறா எண்டு நினைச்ச."

குளிசைப் பை தலையணைக்குக் கீழே இல்லை. அலுமாரியிலும் இல்லை. மிஸ் நாடி பார்க்கிறார். இத்தாவில் வாசல் தாண்டக்கூடாது என்று உம்மா மறித்தார். நோயாளிக்கு அனுமதி உண்டு என்று மௌலவி போனில் சொன்ன பிறகுதான் விலகினார்.

திரையோரம் போய்க் கேட்டேன். "ஜெஸீமா, குளிசைய எங்க வெச்சீங்க?"

ராத்தா பதில் சொல்ல வாயெடுத்தாள். "நீங்க சொல்ல வேணாம்" என்றேன்.

ஜெஸீமாவின் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. மறுபடியும் கேட்கப் போகிறேன்.